ஹைட்டு பவுடர் விளம்பரமும் 18 வயசுப் பயமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க ஐயா காலத்துல இருந்து எங்க வீட்ல உங்க பேப்பர்தான், அந்த உரிமையில எழுதுறேன். நீளமாப் போச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா விளம்பரத்தப் பத்தி சொல்ற எடத்த மட்டும் வெட்டிராதீங்க.

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல மணமகன் தேவை, மணமகள் தேவைக்குப் பக்கத்துலயே கட்டம் கட்டி ஒரு விளம்பரம் வருது. உயரம் குறைவா, 90 நாள்ல 3 இஞ்ச் உறுதி, 25 வயசு வரைக்கும் சாப்பிடலாம்னு போட்டு, குட்டையா ஒரு பையன் படம், ஒரு அம்புக்குறி, அப்புறம் அதே பையன் நெட்டையா. ரெண்டாவது படத்த உத்துப் பாருங்க சார், சட்டை பட்டன் எல்லாம் முட்டை மாதிரி நீண்டு போயிருக்கு. கம்ப்யூட்டர்ல படத்தப் பிடிச்சு மேல இழுத்திருக்காங்க, அவ்வளவுதான் அந்த 3 இஞ்ச்.

நான் காரைக்குடி பக்கத்துல சின்னதா ஒரு மருந்துக்கடை வச்சிருக்கேன், டி.பார்ம். படிச்சவ. அந்த விளம்பரத்த கத்திரிச்சு மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு கடைக்கு வர்ற பிள்ளைகள நான் பாக்குறேன், நீங்க பாக்க மாட்டீங்க. பெரும்பாலும் கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து வருவாங்க, முதல்ல ஒரு தலைவலி மாத்திரை கேப்பாங்க, அப்புறம் குரலத் தாழ்த்தி "அக்கா, இது இருக்கா"ன்னு அந்தத் துண்டக் காட்டுவாங்க. பிளஸ் டூ பசங்க, காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் பசங்க, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிக்கிட்டு இருக்கிறவங்க. பொம்பளப் பிள்ளைக நேரா வர்றதில்ல, அவங்களுக்குப் பதிலா அம்மாமாருக வருவாக.

முதல்ல சட்டத்தச் சொல்லிர்றேன். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம்னு 1954லயே ஒண்ணு இருக்கு. இன்ன இன்ன நோய்க்கு, இன்ன இன்ன குறைக்கு மருந்து இருக்குன்னு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு அதுல ஒரு பட்டியலே இருக்கு, அந்தப் பட்டியல்ல ஆளோட உயரமும் ஒண்ணு. விளம்பரம் குடுக்குறவன் மட்டும் இல்ல, அத வெளியிடுறதுல பங்கெடுக்குற யாரா இருந்தாலும் அது குத்தம்தான், முதல் தடவைக்கே 6 மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம். இது போக மருந்து விதிகள்ல ஷெட்யூல் ஜேன்னு ஒரு பட்டியல், உயரத்தக் கூட்டுறேன்னு எந்த மருந்தும் சொல்லக்கூடாதுன்னு அதுலயும் தனியா எழுதியிருக்கு. எங்க படிப்புல இத மனப்பாடம் பண்ண வச்சாங்க. அப்புறம் எப்படி விக்குதுன்னா, மருந்துன்னு போடாம ஃபுட் சப்ளிமென்ட்னு போட்டுக்கிறாங்க, டின்னு மேல உணவுத் துறை லைசென்ஸ் நம்பர் ஒண்ணு இருக்கும், அதக் காட்டி கவர்மென்ட்டே ஒத்துக்கிச்சுன்னு பேசுவாங்க. அந்த நம்பர் ஊறுகாய் பாட்டில்லயும்தான் இருக்கு. அது இருக்கறதால ஊறுகாய் தின்னா வளருவீங்கன்னு அர்த்தமா?

ஏஜென்ட் என் கடைக்கும் வந்தாரு. விக்கிற விலையில பாதி உங்களுக்கு, டிஸ்ப்ளேக்கு ஒரு ஸ்டாண்டு ஃப்ரீன்னாரு. பாதி மார்ஜின் குடுக்குற சரக்குக்குள்ள என்ன இருக்கும்னு கேட்டேன், பால் பவுடர், சோயா, சர்க்கரை, கொஞ்சம் அமுக்கரா. அமுக்கராக் கிழங்கு நாட்டு மருந்துக்கடையில கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும்.

சரி, இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்றதுன்றதுதான் விஷயம். போய்யா வேலையப் பாருன்னு விரட்டி விட்டா நேரா ஆன்லைன்ல ஆர்டர் போடுவான், அதனால நான் உக்கார வச்சுப் பேசுவேன். உயரம் கூடுறது எங்கேன்னா, கை கால் நீள எலும்போட முனையில குருத்தெலும்பா ஒரு பட்டை இருக்கும், குரோத் பிளேட்டும்பாங்க, அங்கதான். பருவம் முடியற சமயத்துல அந்தப் பட்டை எலும்பா மாறி மூடிக்கும். பொம்பளப் பிள்ளைகளுக்கு பெரும்பாலும் 14லருந்து 16க்குள்ள, ஆம்பளப் பிள்ளைகளுக்கு 16லருந்து 18க்குள்ள, சிலருக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி. மூடிருச்சுன்னா மூடினதுதான், அதுக்கு மேல பவுடரோ, மாத்திரையோ, கம்பியில தொங்குறதோ, ஏன் குரோத் ஹார்மோன் ஊசியே போட்டாலும் ஒரு மில்லிமீட்டர் கூடாது. மூடிருச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்க இடது கை மணிக்கட்டோட சேத்து ஒரே ஒரு எக்ஸ்ரே போதும், போன் ஏஜ், அதாவது எலும்பு வயசுன்னு சொல்லி எடுக்கணும். ஒரு டின்னு விலையில கால்வாசி கூட ஆகாது. ஆனா இத எந்த விளம்பரமும் சொல்லாது, சொன்னா பாதி கஸ்டமர் அன்னைக்கே போயிருவான்ல.

போலீஸ் வேலைக்கு ரெடியாகுற ஒரு தம்பி, தினமும் விடிகாலையில கிரவுண்ட்ல ஓடுறவன், 19 வயசு. ரெண்டாம் நிலைக் காவலருக்கு ஆம்பளைகளுக்கு 170 செ.மீ. வேணும், எஸ்.சி., எஸ்.டி.னா 167, பொம்பளைகளுக்கு 159, 157. இவனுக்கு வேண்டியது 170, இருக்கிறது ஒண்ணே முக்கால் கம்மி. "அக்கா, ஒண்ணே முக்கால்தானேக்கா, அதுக்குக் கூடவா மருந்து இல்ல"ங்கிறான். தூங்கி எந்திரிச்ச உடனே அளந்தா சாயங்காலத்த விட ஒரு செ.மீ. வரைக்கும் கூட இருக்கும், முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற தட்டு பகல்ல அமுங்குறதால, அது அவனுக்கே தெரிஞ்சிருக்கு, செலக்‌ஷன் அன்னைக்கு வேன்ல படுத்துக்கிட்டே போகணும்னு கூட பிளான் வச்சிருக்கான். நான் கேட்டேன், குரல் எப்ப உடைஞ்சுச்சுன்னு, எட்டாவதுன்னான். ஷேவ் பண்றியான்னேன், வாரம் ரெண்டு தடவன்னான். பேன்ட் எடுத்து எவ்வளவு நாளாச்சுன்னேன், ரெண்டு வருஷம், இன்னும் அதே நீளம்தான். அப்புறம் என்னத்தச் சொல்ல. டாக்டர்ட்ட ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கோ, ஆனா நம்பிக்கை வைக்காதன்னு நேராவே சொன்னேன், குரூப் 4 எழுது, அங்க ஆபீஸ் வேலைக்கு யாரும் டேப் வச்சு நிக்க மாட்டாங்கன்னேன். மூஞ்சி சுருங்கிருச்சு, கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா 3 டின்னு வாங்கித் தின்னுட்டு அந்த மூஞ்சி சுருங்குறதுக்கு இது தேவல.

அதே மாதிரி இன்னொரு பையன், 16 வயசு, கிளாஸ்லயே குட்டை, எல்லாரும் "கட்டை"ன்னு கூப்பிடுறாங்கன்னு ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு படுத்துக்கிட்டான். குரல் அப்பதான் கரகரன்னு ஆரம்பிச்சிருக்கு, மீசை அரும்பல. கூட வந்த அப்பத்தா கவலையே படல, "எங்க வீட்டு ஆம்பளைக எல்லாம் காலேஜுக்குப் போய்த்தான் வளந்தாக, இவுக அப்பனும் அப்படித்தான், கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி சட்டை அளவப் பாத்தா பத்தாவதுல குட்டையா இருந்தவன்னு யாரு சொல்லுவா"ன்னுச்சு. டாக்டர்ட்ட அனுப்பினேன், எக்ஸ்ரேல எலும்பு வயசு 13 சொச்சம்தான்னு வந்துச்சு. மூணு வருஷம் பின்னாடி நிக்குது, அதாவது இன்னும் மூணு வருஷம் வளர்ச்சி கையில இருக்கு. ஒரு மருந்தும் குடுக்கல, 6 மாசத்துக்கு ஒருக்க வந்து அளந்துட்டுப் போன்னாக. இப்ப அவன் அப்பத்தாவ விட நல்லா உயரம். இது நோயே இல்ல, லேட்டா பூக்குற வம்சம், டாக்டர் பாஷையில இதுக்குப் பெரிய பேரு இருக்கு. ஆனா பாருங்க, இந்தப் பையன் மட்டும் அந்த டின்ன வாங்கித் தின்னிருந்தா, வளந்ததெல்லாம் டின்னாலதான்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பான். விளம்பரத்துல வர்ற "பயனடைந்தவர்கள்" பாதிப் பேரு இப்படித்தான்னு நான் நெனைக்கிறேன்.

மாத்திரை கவருக்குப் பின்னாடி எழுதிக் குடுக்குறதுக்கு என்கிட்ட ஒரு கணக்கு உண்டு, டாக்டர்களும் இதத்தான் போடுவாங்க. அப்பா உயரம், அம்மா உயரம் ரெண்டையும் கூட்டி, ஆம்பளப் பிள்ளைன்னா 13 சேத்து, பொம்பளப் பிள்ளைன்னா 13 கழிச்சு, ரெண்டால வகுக்கணும், எல்லாம் செ.மீ.ல. அப்பா 163, அம்மா 150ன்னு வைங்க, பையனுக்கு 163, பொண்ணுக்கு 150 வரும். இதுல இருந்து மேல எட்டு, கீழ எட்டு போகலாம். பையன் 158ல இருந்தா அவன் அவுக வீட்டு உயரத்துலதான் இருக்கான், குறைன்னு ஒண்ணும் இல்ல. அப்பா 175, அம்மா 162ன்னு இருக்கிற வீட்ல பையன் 158ன்னாதான் ஏன்னு கேக்கணும். இந்தக் கணக்கப் போட்டுக் காட்டுனா பாதிப் பேரு அமைதியாயிருவாங்க, மீதிப் பேரு அப்பா அம்மாவ மொறைப்பாங்க.

டின்னாவது காசோட போகுது. அதவிட மோசம் உடம்பு ஏத்துற மாத்திரை. எந்தக் கடையின்னு நான் சொல்லப் போறதில்ல, ஆனா சீட்டு இல்லாம பசி எடுக்குற மாத்திரையும் ஸ்டீராய்டு மாத்திரையும் சேத்து பொட்டலம் கட்டிக் குடுக்குறது நடக்குது. ஒரு மாசத்துல மூஞ்சி உப்பி வந்து நிக்கிறப்ப வீட்ல "பிள்ளை தேறிட்டான்"னு சந்தோஷப்படுவாங்க. ஸ்டீராய்டு மாத்திரைய நாள்கணக்குல தின்னா வளர்ச்சியத் தடுக்கத்தான் செய்யும். ஜிம்ல போடுற ஊசி வேற கதை, அது ஆண் ஹார்மோன் வகை, வளர்ற வயசுல போட்டா பட்டைய சீக்கிரமே மூட வச்சிரும், உடம்பு பெருக்கும், உயரம் அங்கயே நின்னுரும். இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன், வெயிட் தூக்குனா வளர்ச்சி நின்னுரும்னு ஒரு பேச்சு இருக்கு, அது சும்மா, ஒழுங்கா சொல்லிக் குடுக்குற ஆளு இருந்தா எக்சர்சைஸ் எதுவும் குட்டையாக்காது. நெட்டையாக்கவும் செய்யாது. பாஸ்கெட்பால் ஆடுறவன் உயரமா இருக்கான்னா உயரமா இருக்கிறவனத்தான் டீம்ல எடுக்குறாங்க. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுற இன்ஹேலர இதோட போட்டுக் குழப்பிக்கிட்டு நிறுத்துற அம்மாமாருகளும் இருக்காக, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க, அதனால குறையுற உயரம் கடைசியில சுமாரா ஒரு செ.மீ.தான், மூச்சு முட்டிக்கிட்டே இருந்தாலும் பிள்ளையோட வளர்ச்சி பாதிக்கும்.

யூடியூப்ல காலை உடைச்சு நீளமாக்குற ஆபரேஷன் வீடியோவ ஒரு பையன் எனக்கே போட்டுக் காட்டுனான். அது பொய் இல்ல, ரஷ்யாவுல இலிசரோவ்னு ஒரு டாக்டர் முறிஞ்ச எலும்புக்கும் ஒரு கால் குட்டையான ஆளுகளுக்கும் கண்டுபிடிச்ச முறை, எலும்ப வெட்டி கம்பி வளையம் மாட்டி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்னு இழுப்பாங்க. 5 செ.மீ. இழுக்கவே 50 நாளு, அது கெட்டியாகி ஊன்றி நடக்க அதுக்கு மேல மாசக்கணக்கு. நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற காலுக்கு அது எதுக்குங்கிறேன்.

பொம்பளப் பிள்ளைக விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் எனக்கு கோவமே. நம்ம பக்கம் பொண்ணு வயசுக்கு வந்தா உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டைன்னு போட்டி போட்டுக் குடுப்போம், அப்பதான் எலும்பு பலப்படும், உயரம் வரும்னு. நல்ல சாப்பாடுதான், வேணாம்னு சொல்லல. ஆனா பொண்ணுகளுக்கு உயரம் வேகமா ஏறுறது வயசுக்கு வர்றதுக்கு முந்தின ஒண்ணு ரெண்டு வருஷத்துல, வந்ததுக்கு அப்புறம் சராசரியா 5லருந்து 7 செ.மீ.தான் பாக்கி. 9 வயசு, 10 வயசுல ரெண்டு இட்லியோட ஸ்கூலுக்கு ஓட விட்டுட்டு 13ல களி கிண்டி என்ன பண்றது? ஆடிக்கு ஒரு நாள் மட்டும் கிண்டுற கும்மாயத்த, உளுந்து, பாசிப்பயறு, கருப்பட்டி, நெய்யின்னு எல்லாம் இருக்கிற சாமான, வாரத்துக்கு ஒருக்க சின்னதுகளுக்குக் குடுங்கன்னு நான் சொன்னா, "வேலை எம்புட்டு ஆத்தா அது"ன்னு சொல்லிட்டு அதே அம்மா கடையில டின்ன விசாரிக்கிறாக.

இன்னொண்ணு, 15 வயசாச்சு, பிள்ளை குட்டையா இருக்கு, இன்னும் வயசுக்கும் வரல. இத வெளிய சொன்னா நாளைக்கு வரன் வராதுன்னு மூடி மறைக்கிற வீடு நெறைய. 13 வயசுக்கு மேலயும் மார்பு வளர்ச்சி ஆரம்பிக்கலன்னாலோ, 15 தாண்டியும் மாதவிடாய் வரலன்னாலோ டாக்டரப் பாக்கணும், பையன்னா 14 தாண்டியும் பருவ அறிகுறியே இல்லைன்னா பாக்கணும். டர்னர் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு, சுமாரா 2500 பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒருத்தருக்கு வர்றது, எக்ஸ் குரோமோசோம்ல ஒண்ணு இல்லாமயோ குறைஞ்சோ பிறக்கிறது, ரத்தத்துல பாத்துச் சொல்லிருவாங்க. சின்ன வயசுலயே தெரிஞ்சா குரோத் ஹார்மோன் குடுத்து உயரம் கூட்டலாம், இதயத்தையும் பாத்துக்கலாம். 18 வயசுல, அதுவும் மாப்பிள்ளை பாக்குற நேரத்துல கூட்டிட்டுப் போனா உயரத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. தைராய்டும் அப்படித்தான், ஒரு டெஸ்ட்ல தெரியும், தினமும் ஒரு சின்ன மாத்திரை, விலையும் கம்மி, நேரத்துல ஆரம்பிச்சா பிள்ளை பிடிபிடின்னு வளந்து மத்தவங்களப் பிடிச்சிரும்.

ஆக, நெஜமா குறை இருக்கிற பிள்ளை யாரு, சும்மா பயப்படுற பிள்ளை யாருன்னு பிரிக்கிறதுக்கு ஒரே வழி சின்னதுல இருந்து வருஷா வருஷம் அளந்து எழுதி வைக்கிறதுதான். 4 வயசுக்கு மேல பருவம் வர்ற வரைக்கும் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளரணும், 4 செ.மீ.க்கும் கீழ போனா கேள்வி கேக்கணும். ஸ்கூல் ரேங்க் கார்டுல உயரம், எடைன்னு ரெண்டு கட்டம் இன்னைக்கும் இருக்கு. கடைக்கு வர்றவங்கள்ட்ட நான் அதக் கொண்டாங்கன்னு கேப்பேன், கொண்டு வந்தா பாதி கார்டுல காலி, மீதியில ஆறாவதுல 132, ஏழாவதுல 132, எட்டாவதுலயும் 132. பிள்ளை வளரலையா, டீச்சர் போன வருஷத்தப் பாத்து எழுதுனாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கவர்மென்ட் ஸ்கூல்ல ஆர்.பி.எஸ்.கே.ன்னு பிள்ளைக உடம்பச் சோதிக்கிற கவர்மென்ட் டீம் வண்டியில வந்து வருஷத்துக்கு ஒருக்க பாக்குறாங்க, 2013ல ஆரம்பிச்ச திட்டம், பிறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும். வாரத்துக்கு ஒரு நீலக் கலர் சத்து மாத்திரை, வருஷத்துக்கு ரெண்டு தடவ பூச்சி மாத்திரை, எல்லாம் ஃப்ரீ. ஜன்னல் வழியா அந்த நீல மாத்திரைய வீசுற பிள்ளைதான் ரெண்டாயிரம் ரூபா டின்னக் கேக்குது. பிரைவேட் ஸ்கூல் பிள்ளைகள யாரு அளக்குறா, ஸ்போர்ட்ஸ் டே டி-ஷர்ட்டுக்கு அளக்குறதோட சரி.

கொரியா சீரியல் பாக்காத பிள்ளை இப்ப கிடையாது, அந்த ஹீரோக்க உயரத்தப் பாத்துத்தான் பாதி ஏக்கம். கொரியாப் பொண்ணுகளோட சராசரி உயரம் 100 வருஷத்துல 20 செ.மீ. கூடியிருக்கு, உலகத்துலயே வேற எந்த நாட்டுப் பொண்ணுகளும் அப்படி உயரல. டின்னத் தின்னு இல்ல, தலைமுறை தலைமுறையா சின்ன வயசுச் சாப்பாடும் சுத்தமும் மருத்துவமும் கூடினதுல. நம்ம தமிழ்நாட்டுல 2019-21 குடும்பநலக் கணக்குப்படி 5 வயசுக்கு உட்பட்டதுல 100க்கு 25 பிள்ளை வயசுக்கேத்த உயரம் இல்ல, இந்தியா முழுக்க 35க்கு மேல. பெரிய வீடு நெறஞ்ச ஊருன்னு பேரு வாங்குன நம்ம பக்கமும் இதுக்கு விலக்கு இல்ல, அங்கன்வாடிக்குப் போய்ப் பாருங்க. 1982ல வந்த சத்துணவும், 2022ல வந்த காலை உணவும், முட்டையும்தான் நெஜமான ஹைட்டு பவுடர், அதுக்குத்தான் விளம்பரம் கிடையாது.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனப் பாத்துக்கிட்டு இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒண்ணு. வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்குறது ஆழ்ந்த தூக்கத்துலதான், குறிப்பா தூங்க ஆரம்பிச்ச முதல் சில மணி நேரத்துல. தூங்குனா ஆறடி ஆயிருவன்னு நான் சொல்லல, வளர்ற வயசுல இருக்கிறத ஏன் கெடுத்துக்கிறன்னுதான் கேக்குறேன்.

வீட்ல அளக்குறது பெரிய வித்தை இல்ல. செருப்பு இல்லாம, குதிகால், பின்பக்கம், தோள்பட்டை மூணும் சுவத்துல ஒட்ட நிக்க வச்சு, பார்வை நேரா, தலைக்கு மேல ஒரு கெட்டி அட்டை நோட்ட மட்டமா வச்சு பென்சில்ல ஒரு கோடு, பக்கத்துல தேதி. அந்தக் காலத்து முட்டைச் சுண்ணாம்புச் சுவத்துல கோடு போட பெரியவுக விட மாட்டாக, நிலைக்கதவு ஓரத்துல போடுங்க. 6 மாசத்துக்கு ஒருக்க, முடிஞ்ச வரைக்கும் காலையில ஒரே நேரத்துல. அந்தத் தேதியும் நம்பரும் ஒரு நோட்டுல இருந்தா, சிவகங்கையோ மதுரையோ பெரிய ஆஸ்பத்திரியில குழந்தை டாக்டர் பாதி வேலைய அதுலயே முடிச்சிருவாரு.

உங்கள்ட்ட கேக்குறது ரெண்டே ரெண்டு. அந்த விளம்பரத்த நிறுத்துங்க, 1954 சட்டத்த உங்க வக்கீல்ட்ட ஒருக்க காட்டுங்க. அந்தக் கட்டம் காலியாகுற ஞாயித்துக்கிழமை, ஸ்கூல் திறக்குற ஜூன் மாசமா இருந்தா இன்னும் நல்லது, மேல நான் எழுதுன அந்தக் கூட்டல் வகுத்தல் கணக்கையும், எந்த வயசுல எது இல்லைன்னா டாக்டரப் பாக்கணும்ன்றதையும் ஒரு குழந்தை டாக்டர்ட்ட சரிபாத்து அதே அளவு கட்டத்துல போடுங்க. அதுக்கு ஆகுற விளம்பரக் காச நாங்க மருந்துக்கடைக்காரங்க நாலு பேரு சேந்து குடுத்துர்றோம், பில்ல அனுப்புங்க.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரி,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.